‘புல்லும் பத்தையுமாக் கிடக்கு’

எங்கட பக்கம் ஒரு வீட்டைக் குறைத்துச் சொல்ல நீளமாகக் கதைக்கத் தேவையில்லை. “அந்த வளவு புல்லும் பத்தையுமாக் கிடக்கு” என்றால் போதும். ஆக்கள் இல்லாத வீடு, இருந்தும் ஏலாத ஆக்கள் இருக்கிற வீடு, பிள்ளைகள் வெளிநாடு போய் மறந்த வீடு எல்லாமே அந்த ஒரு வசனத்துக்குள் வந்துவிடும்.

நாங்கள் ஆறு பேர். கலைப்பீடம், மூன்றாம் வருஷம். போன ஒன்றரை வருஷமாக வேண்டுமென்றே புல்லு வளர்க்கிறோம். வெட்டிவேர், மானா, நாணல், அறுகு. மாட்டுக்கு இல்லை, மருந்துக்கும் இல்லை. அழகுக்கு. இதைச் சொன்னால் முதலில் ஒரு சிரிப்பு வரும். பிறகு, “உங்களுக்குப் படிக்க ஒண்டும் இல்லையா?” என்ற கேள்வி வரும். இரண்டுக்கும் பழகிவிட்டோம்.

இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். எங்கட மண்ணில் தானாக வளர்கிற புல்லை அழகு என்று பார்க்க எங்களை யாரும் பழக்கவில்லை. அதை மாற்ற வேண்டுமென்றால் புல்லைச் சும்மா வளர விட்டால் போதாது. நட்டு, வரிசை போட்டு, பெயர் சொல்லி வளர்க்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியை நாங்கள் அடிபட்டுத்தான் படித்தோம்.

தொடங்கினது ஒரு கோபத்தில்

எங்கட கம்பஸில் ஒரு கட்டடத் திறப்பு விழா வந்தது. விழாவுக்கு முதல் கிழமை லொறியில் மலேசியன் புல்லு வந்து இறங்கியது. சதுரம் சதுரமாக வெட்டின புல்லுப் பாய். ஏற்கெனவே அந்த இடத்தில் இருந்த அறுகையும் வேறு புல்லுகளையும் சுரண்டி எடுத்துவிட்டு, அதன் மேல் இதை விரித்தார்கள். பக்கத்தில் பலகை: ‘புல்லில் நடக்க வேண்டாம்’.

அது கச்சான் காத்து அடிக்கிற காலம். மட்டக்களப்பில் இருக்கிறவர்களுக்கு அந்தக் காத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. காலையில் காயப்போட்ட உடுப்பு பத்து மணிக்கு அப்பளம் மாதிரி இருக்கும். ஹொஸ்டலில் தண்ணி காலையில் இரண்டு மணித்தியாலம், பின்னேரம் இரண்டு மணித்தியாலம். பக்கெட்டை வரிசையில் வைத்துவிட்டு நாங்கள் ஜன்னலால் பார்ப்போம். வெளியில் குழாய் பூட்டி, காலையும் மாலையும் அந்தப் புல்லுக்குத் தண்ணி ஓடும். அப்படியும் இரண்டாம் மாதம் அது கருகி, மூன்றாம் மாதம் மண் தெரிந்தது.

மலேசியன் புல்லு என்று நாங்கள் சொல்வது உண்மையில் மலேசியாப் புல்லும் இல்லை. அதன் சொந்த இடம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. நிழலையும் ஈரத்தையும் விரும்புகிற, வேர் மேலோட்டமாக ஓடுகிற புல். வருஷம் முழுக்க மழை பெய்கிற தென்மேற்குப் பக்கத்தில், மரத்துக்குக் கீழே போட்டால் நல்லாத்தான் வரும். அதில் பிழையே இல்லை. ஆனால் எங்கட மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் தொடக்கம் ஜனவரிக்குள் கொட்டி முடிந்துவிடும். பிறகு வெயில், மணல், காத்து. அதற்குள் அந்தப் புல்லை வைத்திருப்பது ஆஸ்பத்திரியில் சேலைன் ஏத்தி வைத்திருப்பது மாதிரி.

இன்னுமொரு வேடிக்கை. சுரண்டி எறிந்த அறுகு, ஆக்கள் மிதிக்க மிதிக்கப் படர்கிற புல். நல்ல வெயில் இருந்தால் போதும். பிள்ளையாருக்கு வைக்கிற அதே அறுகைத்தான் அமெரிக்காவில் ‘பெர்முடா கிராஸ்’ என்று பெயர் வைத்து, கோல்ஃப் திடலுக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் காசு கொடுத்துப் போடுகிறார்கள். நாங்கள் அதைச் சுரண்டிப் போட்டுவிட்டு, மிதிக்கக் கூடாத புல்லைக் காசுக்கு வாங்கினோம்.

புல்வெளி யாருடையது?

எங்கட பழைய வீடுகளில் புல்வெளி இருந்ததில்லை. முற்றம்தான் இருந்தது. வெள்ளை மணல், ஈர்க்குக் கட்டால் விடிய எழும்பிக் கூட்டின கோடுகள். அதுதான் எங்கட அழகு. பாம்பு வந்தால் தெரியும், ஆள் வந்தால் கால் அடி தெரியும். புல்வெளி என்பது குளிரும் தூறலும் உள்ள ஒரு நாட்டில் இயல்பாக வந்த விஷயம். அங்கே புல்லு தானாகவே பச்சையாக இருக்கும், ஆடு மேய்ந்தால் தானாகவே கட்டையாகும். வெள்ளைக்காரன் அதை பங்களாக்களுக்கு முன்னால் கொண்டு வந்து வைத்தான். அவன் போய்விட்டான். கந்தோர், கொலேஜ், ரெஸ்ட் ஹவுஸ் என்று புல்வெளி மட்டும் இன்னும் பதவியில் இருக்கிறது.

இப்போது உலகத்தில் மோகம் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. நெதர்லாந்துக்காரரான பியட் ஊடோல்ஃப் என்ற தோட்டக் கலைஞர் உயர்ந்த புல்லுகளை வைத்தே தோட்டம் அமைத்துப் பேர் எடுத்தவர். நியூயோர்க்கில் பழைய ரயில் பாலத்தின் மேல் 2009இல் திறந்த ‘ஹை லைன்’ பூங்காவின் நடுகைகளை வடிவமைத்தவரும் அவர்தான். காத்தில் ஆடுகிற புல்லையும், காய்ந்து மண்ணிறமான பூங்கதிரையும் பார்க்கத்தான் ஆக்கள் அங்கே வருகிறார்கள்.

அந்த மோகம் எங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது? கல்யாண மேடையில் காய்ந்த பம்பாஸ் கட்டாக. அது தென்னமெரிக்கப் புல். நாற்று மேடைகளில் ஊதா நிற ‘ஃபவுன்டன் கிராஸ்’ சாடியாக. அது ஆப்பிரிக்கப் புல். போன பல நாடுகளில் தோட்டத்தை விட்டு ஓடிக் காட்டில் பரவினது. எங்கட ஆத்தங்கரையில் அதே வெள்ளைக் கதிரோடு நாணல் நிற்கிறது. அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுக்க எங்களுக்குத் தோன்றவில்லை. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாடகைக்கு எடுத்த பம்பாஸுக்கு முன்னால் நின்று எடுத்தோம். ‘எடுத்தோம்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நாங்களும் எடுத்திருக்கிறோம். போட்டோ இன்னும் இன்ஸ்டகிராமில் இருக்கிறது.

எங்கட மூன்று பிழைகள்

கோபத்தில் தொடங்கின வேலை என்பதால் யோசிக்காமல் தொடங்கினோம். பட்ச்சில் ஒருத்தி பதுளைப் பக்கம். அவள் ஊரிலிருந்து வெட்டிவேரும் மானாவும் பையில் கட்டிக்கொண்டு வந்தாள். பீடத்துக்குப் பின்னால், யாரும் கேட்காத ஒரு துண்டு நிலத்தில் ஓகஸ்ட் மாதம் நட்டோம்.

ஒரு கிழமையில் எல்லாம் வைக்கோல். யூடியூபில் ஒரு வெள்ளைக்கார அம்மா, “பனி முடியிற நேரம் வெட்டுங்க, வசந்தத்தில நடுங்க” என்று சொல்லியிருந்தார். எங்களுக்குப் பனியும் இல்லை, வசந்தமும் இல்லை. கச்சானும் மாரியும்தான். முதல் பிழை அது.

ஒக்டோபரில் மழை தொடங்க மறுபடி நட்டோம். இந்த முறை அக்கறை கூடிவிட்டது. ஆழமாகக் குழி, அதற்குள் பச்சைச் சாணம். மூன்று நாள் அடைமழை. குழி எல்லாம் கிண்ணம் மாதிரித் தண்ணி பிடித்து, அடித்தண்டு அழுகியது. இரண்டாம் பிழை. தப்பினது நாலைந்து. அதுகள் உரம் கூடினதால் மளமளவென்று வளர்ந்து, நிற்க பலமில்லாமல் சாய்ந்து படுத்தன. சூடும் ஈரமும் சேர்ந்த இடத்தில் புல்லுக்குச் சாப்பாடு கூடினால் அழகு கெடும். ஒரு வேளை சாப்பிட்டு நிமிர்ந்து நிற்கிற ஆக்கள் அவை.

டிசம்பர் நடுவில் மூன்றாம் தரம். வயல் வரம்பு மாதிரி அரை அடி உயரத்துக்கு மண் அணைத்து, அதன் மேல் நட்டோம். ஒரு கண்டுக்கு இரண்டு மூன்று தண்டு. இலையை ஒரு சாண் விட்டு வெட்டி, அடித்தண்டு மண் மட்டத்துக்கு வரும்படி வைத்தோம். மக்கின குப்பை ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். மண் அரிக்கிற இடத்தில் வேலியாக வேண்டுமென்றால் வெட்டிவேரை அரை அடிக்கு ஒன்றாக நெருக்கி வைக்கலாம். அழகுக்கு என்றால் இரண்டரை, மூன்று அடி இடைவெளி வேண்டும். காத்து உள்ளே ஓடினால்தான் ஈரக் காலத்தில் பூஞ்சணம் பிடிக்காது. மழை இல்லாத நாட்களில் தண்ணி ஊத்தினோம், அதுவும் முதல் இரண்டு மாதம் மட்டும். பிறகு கச்சான் அடித்தது. எங்கட புல்லு அசையவில்லை என்று சொல்ல மாட்டோம். நல்லா ஆடியது. ஆனால் காயவில்லை.

காரணம் கீழே இருக்கிறது. வெட்டிவேரின் வேர் மூன்று மீற்றர், அதற்கும் மேலே நேர் கீழாகப் போகக்கூடியது. உலக வங்கி 1980களில் மண்ணரிப்பைத் தடுக்க இந்தப் புல்லைப் பல நாடுகளுக்கு எடுத்துச் சென்று பரப்பியது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அதற்கு இருக்கிற பெயர் எங்கட ‘வெட்டிவேர்’ என்ற சொல்லேதான். வாசனைத் திரவியப் போத்தலில் அந்தச் சொல்லைப் பார்த்துப் பெருமைப்படுகிற நாங்கள், செடியைப் பார்த்தால் “இது என்ன பத்தை?” என்று கேட்கிறோம்.

மானாவுக்கு வேறு கதை. பதுளைக்காரி சொன்னாள்: தோட்டத்தில் பழைய தேயிலையைப் பிடுங்கினால் உடனே மறுபடி நட மாட்டார்கள். களைத்த மண் தேற ஒன்றரை, இரண்டு வருஷம் மானாவும் கௌதமாலாப் புல்லும் போடுவார்கள். “எங்கட அம்மாட கையில இருக்கிற கீறல் எல்லாம் இந்தப் புல்லு வெட்டினது. நீங்க இதை அழகு எண்டு சொல்றீங்க” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் அந்த நாள் கொஞ்ச நேரம் யாரும் கதைக்கவில்லை. பிறகு அவளேதான் மானாவைப் பாதையோரத்தில் இருந்து இரண்டடி உள்ளே தள்ளி நட்டாள். இலை விளிம்பு கையைக் கிழிக்கும். குழந்தைகள் போகிற இடத்தில் வைக்கக் கூடாது.

மூன்றாம் பிழை நாணல். சும்மா நட்டோம். அது மண்ணுக்குக் கீழால் கிழங்கு விட்டு, மற்றப் புல்லுகளுக்கு நடுவில் போய் முளைத்தது. பிடுங்கி, ஒரு பழைய சீமெந்து வளையத்தைப் புதைத்து அதற்குள் அடைத்து வைத்தோம். இப்போது ஒழுங்காக இருக்கிறது. உள்ளூர்ப் புல் என்பதற்காக எல்லாம் வீட்டில் வளர்க்கக் கூடியது இல்லை. கூரை வேய்ந்த இலுக்கை நாங்கள் நடவே இல்லை. அதுவும் கிழங்கால் ஓடும், காய்ந்தால் நெருப்புப் பிடிக்கும். அதன் சிவப்பு இலை வகையை வெளிநாடுகளில் அலங்காரத்துக்கு விற்கிறார்கள். அதே இனத்தைத்தான் அமெரிக்கச் சட்டம் ஆபத்தான களை என்றும் சொல்கிறது. கடற்கரையில் பந்து பந்தாக உருள்கிற இராவணன் மீசையையும் நாங்கள் கொண்டு வரவில்லை. மணல் மேட்டைப் பிடித்து வைத்திருக்கிற வேலை அதற்கு இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.

மெஷின் வந்த நாள்

ஜூன் மாதம் ஒரு பெரியவர் வருகிறார் என்று கம்பஸ் முழுக்கத் துப்புரவு. நாங்கள் லெக்ச்சர் முடிந்து வரும்போது எங்கட புல்லு முழங்காலுக்குக் கீழே நின்றது. புல்லு வெட்டுகிற மெஷினால் ஒரே இழுவை. மானாவின் வாசம் மட்டும் அந்த இடம் முழுக்க.

வெட்டின அண்ணனிடம் சண்டைக்குப் போனோம். அவர் மெஷினை நிப்பாட்டி, வியர்வையைத் துடைத்து, எங்களைப் பார்த்துக் கேட்டார்: “புள்ளையள், இது நட்டது எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? ஒரு கல்லு வரிசை வச்சீங்களா? ஒரு போர்ட் வச்சீங்களா? புல்லு நிண்டா வெட்டத்தான் எனக்குச் சம்பளம்.”

எங்களுக்குப் பதில் இல்லை. ஆறு மாதம் புல்லைப் பார்த்த நாங்கள், அந்த வழியால் தினமும் போகிற ஒரு ஆளின் கண்ணால் அதைப் பார்க்கவே இல்லை.

அதே கிழமை எங்களில் ஒருத்தியின் அம்மம்மாவிடமும் இதே பாடம் கிடைத்தது. வீட்டு முன்பக்கம் வெட்டிவேர் நடலாமா என்று கேட்டதுக்கு அம்மம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். காரணம் கேட்டால் 2007ஆம் ஆண்டுக் கதை வந்தது. படுவான்கரையில் இருந்து இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, திரும்பி வந்தபோது வளவில் புல்லு நெஞ்சளவு. கிணறு எங்கே என்று தெரியவில்லை. ஒவ்வொரு அடியும் மிதிவெடி இருக்குமோ என்ற பயத்தோடு கத்தியால் வெட்டி வெட்டி வாசலுக்குப் போனார்களாம். “புல்லை வெட்டினாத்தான் நாங்க வந்துட்டம் எண்டு ஊருக்குத் தெரியும். நீ ஏன் மனே திரும்ப நடுறாய்?”

மட்டக்களப்பு மாவட்டத்தை மிதிவெடி இல்லாத மாவட்டம் என்று அறிவித்தது 2017இல். அது கடதாசியில். அம்மம்மாவின் காலுக்கு அந்த அறிவித்தல் இன்னும் போய்ச் சேரவில்லை.

இதை எழுதாமல் ‘உள்ளூர்ப் புல்லு நல்லது, தண்ணி மிச்சம்’ என்று மட்டும் எழுதினால் நாங்கள் பொய் சொல்கிறவர்கள் ஆகிவிடுவோம். எங்கட ஆக்களுக்குக் கட்டையாக வெட்டின புல் வெள்ளைக்காரன் மோகம் மட்டும் இல்லை. அது ‘நாங்கள் திரும்பி வந்துவிட்டோம்’ என்ற அடையாளம். உயர்ந்த புல் என்றால் ஆள் இல்லாத வீடு. அந்தப் பயத்தைப் பார்த்து, ‘அறிவில்லாத ஆக்கள்’ என்று சொல்கிற சுற்றுச்சூழல் கதை எங்களுக்கு வேண்டாம்.

ஆனால் ஒன்றைக் கவனித்தோம். நாங்கள் சுற்றிப் பார்த்த கைவிட்ட வளவுகளில் ஆள் உயரத்துக்கு நிற்கிறது பெரும்பாலும் கினிப்புல். அது ஆப்பிரிக்காவில் இருந்து மாட்டுத் தீனிக்காகக் கொண்டு வந்து, நாடு முழுக்கப் பரவினது. அம்மம்மா பயந்த ‘புல்லும் பத்தையும்’ எங்கட புல்லே இல்லாமல் இருக்கவும் கூடும். பெயர் தெரியாத இடத்தில் எல்லாம் வெறும் ‘புல்லு’ ஆகிவிடுகிறது. பழியும் எல்லாவற்றுக்கும் பொதுவாகப் போகிறது.

அப்ப என்ன செய்யலாம்?

நாங்கள் செய்தது இதுதான். பாத்தியைச் சுற்றி உடைந்த செங்கல் வரிசை. புல்லுக் கட்டைகளுக்கு இடையில் மணல் போட்டு, வெள்ளிக்கிழமைகளில் ஈர்க்குக் கட்டால் கூட்டுகிறோம். எங்கட முற்றமும் எங்கட புல்லும் ஒரே இடத்தில். பாம்புப் பயம் நியாயமான பயம். இடைவெளி வெளியாக இருந்தால் அது குறையும். வாசல்படிக்குப் பக்கத்தில் நடுவதில்லை. நுளம்பு வரும் என்கிறவர்களுக்கு: டெங்கு நுளம்பு முட்டை இடுவது சிரட்டை, டயர், சாடித்தட்டு மாதிரி நிற்கிற தண்ணியில். புல்லைத் திட்டுவதற்கு முதல் அதுகளைக் கவிழ்ப்போம். காய்ந்த தாளை அவ்வப்போது கையால் உருவி எடுக்கிறோம். வருஷத்துக்கு ஒரு தரம், புரட்டாதியில், மாரிக்கு முன்னம் ஒரு அடி விட்டு வெட்டுகிறோம். மழைக்குள் வெட்டினால் வெட்டின தண்டில் தண்ணி தேங்கி அழுகும். மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் கட்டையைப் பிரித்து நட வேண்டும் என்கிறார்கள். பிரிக்கிற நேரம் வரும்போது கேட்கிறவர்களுக்குக் கொடுப்போம். ஆத்தங்கரையிலோ கடற்கரையிலோ போய்க் கிண்டி எடுக்காதீர்கள்.

ஒரு பலகையும் வைத்தோம். ‘நடக்க வேண்டாம்’ என்று இல்லை. நாலு பெயர் மட்டும்: வெட்டிவேர், மானா, நாணல், அறுகு. சிங்களத்திலும் எழுதினோம், கூடப் படிக்கிற நண்பர்கள் சொல்லித் தந்தார்கள். மெஷின் அண்ணன் இப்போது அந்தப் பாத்தியைச் சுற்றிக்கொண்டு போகிறார். வெட்டுப்பட்ட புல்லு மூன்று கிழமையில் பழைய உயரத்துக்கு வரத் தொடங்கியிருந்தது. அதற்குக் கோபம் இல்லை போலிருக்கு.

கம்பஸ் நிர்வாகங்களிடம் நாங்கள் கேட்பது பெரிய விஷயம் இல்லை. இருக்கிற புல்வெளி எல்லாவற்றையும் கிண்டச் சொல்லவில்லை. அடுத்த கட்டடத்துக்கு லொறி வருவதற்கு முதல், அந்த நிலத்தில் ஏற்கெனவே என்ன நிற்கிறது என்று ஒரு தரம் குனிந்து பாருங்கள். ஹொஸ்டல் குழாயில் தண்ணி வராத நாளில் எந்தப் புல்லுக்குத் தண்ணி ஓடுகிறது என்றும் பாருங்கள். நாற்று மேடை வைத்திருக்கிறவர்கள் ஊதாச் சாடிக்குப் பக்கத்தில் ஒரு வெட்டிவேர்ச் சாடியும் வைக்கலாம். வாசிக்கிற நீங்கள், உங்கட வீட்டில் ஒரு மூலையைக் கேட்டு வாங்குங்கள். ‘கேட்டு’ என்ற சொல் முக்கியம். வீட்டில் இருக்கிற பெரியவர் ஏன் புல்லைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று முதலில் இருந்து கேளுங்கள்.

அம்மம்மா இன்னும் முன்பக்கத்துக்குச் சம்மதிக்கவில்லை. ஆனால் தை பிறந்த பிறகு ஒரு கண்டு வாங்கி, கிணத்தடியில் தண்ணி ஓடிப் போகிற வாய்க்கால் ஓரமாக அவரே நட்டார். சுற்றி நாலு கல்லும் வைத்தார். “அம்மம்மா, புல்லு வேணாம் எண்டீங்களே?” என்று கேட்டதுக்குத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாராம்:

“இது புல்லு இல்ல மனே. வெட்டிவேர்.”